டஸ்ஸர் புடவையில் முடிச்சுகள்: குறையா, இயல்பா?

கேள்வி: சென்னையில் நடந்த கைத்தறிக் கண்காட்சி ஒன்றில், சாயமேற்றாத, பீகாரின் பாகல்பூர் டஸ்ஸர் பட்டு என்று சொல்லி விற்ற தேன் நிறப் புடவையை வாங்கினேன். காஞ்சிப் பட்டின் வழவழப்பு அதில் இல்லை. உடல் முழுவதும் சிறு முடிச்சுகளும், குறுக்கே வெளிர்ந்தும் அடர்ந்தும் ஓடும் பட்டைகளும் தெரிகின்றன. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் டஸ்ஸருக்கே உரியவை, அவற்றைக் கண்டு கலங்க வேண்டாம். காஞ்சிபுரத் தறியில் ஏறுவது, வீட்டுக்குள் தட்டில் முசுக்கொட்டை இலை போட்டு வளர்க்கும் புழுவின் நூல். டஸ்ஸர் புழுவோ ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் மருத மரத்திலும் சால் மரத்திலும் வெட்டவெளியில் இலை தின்று, கிளையிலிருந்து காம்போடு தொங்கும் கெட்டியான கூட்டைக் கட்டுகிறது; பறவையும் குளவியும் அண்டாமல் காவல் காப்பதே வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாடு. மரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கூட்டின் நிறம் மாறுவதால், வெவ்வேறு கூடுகளின் நூல் ஊடையில் (குறுக்கே ஓடும் இழையில்) அடுத்தடுத்து வரும்போது பட்டைகள் விழுகின்றன.

முடிச்சுக்குக் காரணம் நூற்கும் கை. வேகவைத்த சில கூடுகளின் இழைகளைச் சேர்த்து இழுத்து, தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி முறுக்கேற்றுவது அங்குள்ள பெண்களின் நெடுநாள் வழக்கம். பூச்சி துளைத்து வெளியேறிய கூடுகளிலிருந்து இழுக்கும் 'கீச்சா' நூல் இன்னும் சொரசொரப்பாக இருக்கும். இப்போது நூற்பு இயந்திரங்கள் பரவி வருகின்றன. மரபு போகிறதே என்று நகரத்திலிருந்து வருந்தும் நாம், உரசி உரசிப் புண்ணாகும் தொடையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஐயம் தீரவில்லையென்றால், பாவிலிருந்து (நெடுக்கே ஓடும் இழைகளிலிருந்து) ஓர் இழையையும் ஊடையிலிருந்து ஓர் இழையையும் உருவித் தனித்தனியே கொளுத்துங்கள். பட்டானால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாவில் முசுக்கொட்டைப் பட்டும் ஊடையில் டஸ்ஸரும் போட்டு நெய்வதும் உண்டு. அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. 'சில்க் மார்க்' முத்திரை பட்டு அசல் என்று மட்டுமே உறுதி தரும். கைத்தறியா விசைத்தறியா என்று அறிய, 2006இல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரையையும் தேடுங்கள். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்துக்கு, பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள்.

கேள்வி: 'எரி' பட்டு கொல்லாமைப் பட்டு என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், அடையாறு

பதில்: பாதி உண்மை. ஆமணக்கு இலை தின்னும் இப்புழுவின் கூடு ஒரு முனையில் திறந்தே இருக்கும். அதை ஒரே நீள இழையாக உருவ முடியாது, பஞ்சுபோல் நூற்கவே முடியும் என்பதால், பூச்சி தானாக வெளியேறிய கூடும் பயன்படும். ஆனால் அசாமிலும் அண்டை மாநிலங்களிலும் அந்தக் கூட்டுப்புழு விருப்பமான உணவு. அதற்காகவே பலர் அதை முன்கூட்டி வெளியே எடுக்கிறார்கள். ஆகவே விற்பவரிடம் நூல் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டு வாங்குவதே முறை.