பெண்ணாக்கும் மரபணு எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஐயா,

கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீயும், கருவுற்றதிலிருந்து பெண் தேனீயும் பிறப்பதாகத் தங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பெண்ணாக்கும் மரபணு விந்தணுவில்தான் உள்ளதா? தந்தையே இல்லாத ஆண் தேனீக்கு அது எப்படிக் கிடைத்தது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாம் கேள்வி முதல் கேள்வியைச் சரியாகவே மறுக்கிறது. அம்மரபணு விந்தணுவுக்கு மட்டும் உரியதன்று; ஆண் தேனீ தன் தாயான ராணியிடமிருந்தே அதைப் பெறுகிறது. ஆனால் அதனிடம் ஒரே ஒரு பிரதிதான் உண்டு.

கருவுறாத முட்டைகளே ஆண்களாகின்றன என்று சிலேசியப் பாதிரியார் யான் ஜெர்ஜோன் 1845இல் முன்வைத்தார். ஆணுக்கு 16 குரோமோசோம்களும் பெண்ணுக்கு 32 குரோமோசோம்களும் இருப்பது பின்னர் தெரியவந்தபோது, எண்ணிக்கையே பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்று நினைப்பது இயல்பாக இருந்தது. உண்மையில் தீர்மானிப்பது மூன்றாம் குரோமோசோமில் உள்ள சிஎஸ்டி என்னும் மரபணு. 2003இல் மார்ட்டின் பையேயும் அவருடைய குழுவினரும் அதை அடையாளம் கண்டனர். இந்த மரபணுவுக்குப் பல வடிவங்கள் உள்ளன. தாயிடமிருந்து ஒரு வடிவமும் தந்தையிடமிருந்து அதிலிருந்து வேறுபட்ட இன்னொரு வடிவமும் சேரும்போதுதான் அது உருவாக்கும் புரதம் செயல்பட்டு, அடுத்த மரபணுவைப் பெண்ணுக்குரிய வழியில் திருப்புகிறது. வடிவம் ஒன்றே ஒன்றாக இருந்தாலும், இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும் கரு ஆணாகவே வளர்கிறது. பெண் கருக்களில் இம்மரபணுவை முடக்கியபோது ஆணுக்குரிய இனப்பெருக்க உறுப்புகள் உருவானதை அக்குழுவினர் காட்டினர்.

ஆகவே தந்தையுள்ள ஆண் தேனீயும் உண்டு. எனக்கு மிகவும் வியப்பளிக்கும் பகுதி இதுதான். நெருங்கிய உறவில் கலப்பு நேர்ந்து, ஒரே வடிவம் இருபுறத்திலிருந்தும் வந்துவிட்டால், 32 குரோமோசோம்கள் கொண்ட ஆண் புழு பொரிக்கிறது. வேலைக்காரத் தேனீக்கள் அதைச் சில மணி நேரத்திலேயே இனம்கண்டு தின்றுவிடுகின்றன. போலந்து ஆய்வாளர் யெஜி வோய்க்கே 1963இல் இதை நிறுவியதோடு, அத்தகைய புழுக்களைக் கூட்டுக்கு வெளியே வளர்த்தும் காட்டினார்.

ராணி, தன்னிடமுள்ள இரு வடிவங்களில் ஒன்றைக் கொண்ட ஒரே ஓர் ஆணுடன் மட்டும் கூடியிருந்தால், கருவுற்ற முட்டைகளில் ஏறக்குறைய பாதி இவ்வாறு வீணாகும். அடையில் மூடிய அறைகளுக்கிடையே வெற்றறைகள் சிதறிக் கிடக்கும். இத்தகைய அடையைக் கண்டதும் நோய் என்று முடிவுகட்டாமல், ராணியின் வம்சத்தையும் தேனீ வளர்ப்போர் விசாரிக்க வேண்டும் என்பேன். இயற்கையில் ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் கூடுவதால், ஓர் ஆணின் வடிவம் ஒத்துப்போனாலும் மற்றவற்றின் விந்தணுக்களால் கூட்டம் பிழைத்துக்கொள்கிறது. சில கூட்டங்களிலிருந்தே மீண்டும் மீண்டும் ராணிகளை உருவாக்கும் பண்ணைகளில் அந்தப் பாதுகாப்பு குறைந்துபோகிறது.