மலிவு சஸ்பென்ஷன் செட் போட்டால் கார் சரியாகுமா?

கேள்வி: என் கார் 8 வருடம் பழையது. 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. மேடு தாண்டினால் வண்டி இரண்டு மூன்று முறை குதித்துவிட்டுத்தான் அடங்குகிறது. வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாய்கிறது. காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடு என்கிறார் ஒரு நண்பர். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். உயரத்தைத் திருகி மாற்றும் காயிலோவர் செட்டும் குறைந்த விலையில் பார்த்தேன். எது கொடுத்த காசுக்கு உருப்படி?

பதில்: மூன்றும் வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் காரணம் தேய்மானம். காரோடு வந்த பாகங்கள் ஓடி ஓடிக் களைத்துவிட்டன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு மேலே புதிதாக எதைச் சேர்த்தாலும் பணம்தான் போகும், சத்தம் போகாது.

முதலில் அந்தக் குதிப்பு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் தானாக அடங்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெயைப் பிஸ்டன் சின்னத் துளைகள் வழியே அழுத்தித் தள்ளுகிறது. ஆட்டத்தின் சக்தி அங்கே சூடாக மாறிவிடுகிறது. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து ஷாக்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பழைய மெக்கானிக்குகள் இப்படித்தான் பார்ப்பார்கள்: இடதும் வலதும் தொட்டு, ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படுவார்கள். நீங்களும் பார்க்கலாம், பக்கத்தில் இருக்கும் பிரேக் டிஸ்க்கில் மட்டும் கை பட்டுவிடக் கூடாது. மேட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று குதி என்றால் உங்கள் ஷாக்குகள் முடிந்துவிட்டன என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, அந்தத் தேய்ந்த ஷாக் மேல் தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போட்டால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, சக்கரம் மேலே ஏற 60 மி.மீ. இடம் இருக்கிறது, அதன் பிறகு பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டையில் இடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை 30 மி.மீ. தாழ்த்தினால் பாதி இடம் நின்ற இடத்திலேயே போய்விட்டது. மிச்சம் இருக்கும் பாதிக்குள் அதே எடையைச் சமாளிக்க வேண்டும் என்பதால் ஸ்பிரிங்கைக் கெட்டியாகச் செய்கிறார்கள். கெட்டி ஸ்பிரிங்கை அடக்க ஷாக்குக்கு இன்னும் பலம் வேண்டும். பழைய ஸ்பிரிங்கையே பிடிக்க முடியாத ஷாக் புதியதை எப்படிப் பிடிக்கும்? குதிப்பு கூடும். ஒருமுறை இப்படித் தாழ்த்திய காரின் முன் ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அந்தத் தூணை, கழற்றினேன். பம்ப் ஸ்டாப் கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஷாக்கின் தண்டு ஓரத்தில் எண்ணெய் வழிந்து, அதில் மண் ஒட்டிப் பசை போல இருந்தது. அந்த ஷாக் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு குழிக்கும் இடித்து இடித்தே செத்திருந்தது. அந்த உரிமையாளர் ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த பணம் ஷாக்கில் போய்விட்டது.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வேலை செய்யும் 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகிவிடும். அதைவிட மோசம், வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் இடம் நழுவலாம். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ரப்பர் பஃபரும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. அதை இடுக்கிய சுற்றுகள் அசைவது குறைந்துவிடும், மீதிச் சுற்றுகள் முழு ஆட்டத்தையும் தாங்க வேண்டியிருக்கும். வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்பதால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஷாக்கின் நோய்க்கு அது மருந்தே இல்லை.

காயிலோவர் என்பதே மோசமான பொருள் இல்லை. நல்ல செட்டில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தியிருப்பார்கள், அதற்குத்தான் அந்த விலை. மலிவு செட்டில் முதலில் குறைவது அந்தப் பொருத்தம்தான். அப்புறம் திருகும் மரையில் சேறும் துருவும் ஏறி இறுகிவிடும், உயரத்தை மாற்றவே முடியாமல் போகும். வாங்கியே தீருவேன் என்றால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை எவ்வளவு, எண்ணில் சொல்ல முடியுமா? ஷாக்கைச் சோதித்த வரைபடம் இருக்கிறதா? ஒரு பக்க ஷாக் மட்டும் கெட்டால் அதைத் தனியாக வாங்க முடியுமா? 'எல்லாம் நல்ல குவாலிட்டி சார்' என்பது மட்டும்தான் பதில் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி உங்கள் காருக்கு நான் செய்யச் சொல்வது. 'டக் டக்' சத்தத்தில் தொடங்குங்கள், அது பெரும்பாலும் மலிவாக முடியும். வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராட், அந்த பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ், ஸ்ட்ரட் மேலே இருக்கும் மவுண்ட், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ், அதன் முனையில் உருளும் மூட்டான பால் ஜாயின்ட் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். லிங்க் ராடில் ஆட்டம் இருந்தால், அந்த இடைவெளி மூடும்வரை ஸ்டெபிலைசர் பார் சும்மாதான் இருக்கும். வளைவில் வண்டி சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரே சின்னப் பாகம் மாற்றி இரண்டு தொல்லையும் குறைந்த கார்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஷாக். இடதும் வலதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் கேஒய்பி, மன்றோ, சாக்ஸ் போன்ற உற்பத்தியாளர்கள் வெளிச்சந்தையிலும் விற்கிறார்கள். உங்கள் மாடலுக்கான சாதாரண ஷாக் போதும். போலிகளும் சுற்றுவதால் பெட்டியில் இருக்கும் பாக எண்ணைச் சரிபாருங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இவற்றில் கஞ்சத்தனம் செய்தால் ஆறு மாதத்தில் அதே கூலியை இன்னொரு தரம் கொடுக்க நேரும். வீட்டில் நீங்களே ஸ்பிரிங்கைக் கழற்ற முயலாதீர்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் கிளாம்ப்பிலிருந்து தப்பினால் எலும்பு உடையும்.

ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ இறங்கியிருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும்.

குறைந்த செலவில் உண்மையாகவே பலன் தரும் மேம்பாடு எதுவும் இல்லையா? இருக்கிறது. கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி டயர் காற்றை வைப்பதற்குச் செலவே இல்லை, வித்தியாசம் உடனே தெரியும். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. காருக்கு வந்த டயரே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ரப்பர் இறுகியிருக்கும், சஸ்பென்ஷனைக் குறை சொல்வதற்கு முன் அதை மாற்றுங்கள். சாய்வு பிறகும் உறுத்தினால், தடித்த ஸ்டெபிலைசர் பார் ஒரு நல்ல வழி. 20 மி.மீ. திடக்கம்பியை 22 ஆக்கினாலே திருகலை எதிர்க்கும் வலு ஏறக்குறைய 46 சதவீதம் கூடும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஆனால் பின்பக்கம் மட்டும் மிகவும் தடித்ததைப் போட்டால் ஈரச் சாலையில் வண்டியின் வால் வழுக்கப் பார்க்கும். அந்த பாரின் புஷ்ஷைப் ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேனில் போடலாம். லோயர் ஆர்முக்கு மட்டும் ரப்பரே இருக்கட்டும், இல்லையென்றால் சாலையின் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கில் வந்து பேசும்.

கடைசியாக, வேலை நடக்கும்போது கூடவே நின்று ஒன்றைக் கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, கார் தூக்கி நிற்கையில் முழுதாக முடுக்கக் கூடாது. சக்கரத்தில் எடை இறங்கிய பிறகுதான் முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். அது முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, முன்பு சத்தம் வந்த அதே வேகத்தடையில் அதே வேகத்தில் ஏறி இறங்குங்கள். சத்தம் மிச்சம் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு தரம் ஓட்டிக் காட்டுங்கள்.