திராட்சைச் சக்கை பவுடர்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

ஜூஸும் வைனும் பிழிஞ்ச பிறகு மிச்சமாகுற தோல், விதை, காம்பு இதைத்தான் சக்கைன்னு சொல்றோம், பிழியுற பழத்தோட எடைல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு இது. இப்ப இதையே பவுடராவும் கேப்ஸ்யூலாவும் விக்கிறாங்க. உணவு லேப்ல ரொம்ப வருஷமா வேலை பார்க்குறதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கேளுங்க.

கேள்வி: அக்கா, பழமே சாப்பிடலாமே, சக்கைல அப்படி என்ன ஸ்பெஷல்?

பதில்: பழம் சாப்பிடுறது நல்லதுதான்ப்பா, தாராளமா சாப்பிடு. ஆனா பாலிஃபீனால்னு சொல்றமே, செடிகள்ல இயற்கையா இருக்குற ஒரு வகைச் சேர்மம், அதுல பெரும்பங்கு விதைலயும் அடுத்து தோல்லயும்தான் இருக்கு, சதைல ரொம்பக் கம்மி. நாம விதையைத் துப்பிடுறோம், இல்ல முழுசா முழுங்குறோம், முழுசா போனா அப்படியே வெளிய வந்துடும், அரைச்சாதான் உள்ள இருக்குறது வெளிப்படும். சக்கைல நார்ச்சத்தும் அதிகம், காய வச்ச பவுடர்ல பாதிக்கு மேல கூட நார்தான் இருக்கும்.

கேள்வி: குடலுக்கு நல்லதுன்னு டப்பால போட்டிருக்கே, எப்படி வேலை செய்யுது?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. விதைல இருக்குற டானின், அதாவது புரோஆந்தோசயனிடின், இதுவும் ஒரு பாலிஃபீனால்தான், ஆனா அளவுல பெரிய மூலக்கூறு, அதனால சிறுகுடல்ல பெருசா உறிஞ்சப்படாது, நாரோட ஒட்டிக்கிட்டே பெருங்குடல் வரைக்கும் போயிடும், அங்க இருக்குற பாக்டீரியா அதைச் சின்னச் சின்னதா உடைக்கும், அப்படி உடைஞ்ச துண்டுகள்தான் ரத்தத்துல கலக்குது. அதனால ஒருத்தருக்குக் கேட்குறது இன்னொருத்தருக்கு அதே அளவு கேட்காது, அவங்கவங்க குடல்ல எந்த பாக்டீரியா இருக்குங்குறதைப் பொறுத்தது. நாரையும் பாலிஃபீனாலையும் பிரிக்காம சேர்த்துச் சாப்பிடுறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறதுக்குக் காரணமே இதுதான்.

கேள்வி: எனக்கு கொலஸ்ட்ரால் இருக்கு மேடம், மாத்திரைய நிறுத்திட்டு இதுக்கு மாறலாமா?

பதில்: வேண்டாங்க, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. 2008ல ஸ்பெயின்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, 43 பேர் கலந்துக்கிட்டாங்க, அதுல ஒரு பகுதி பேருக்கு தினமும் 7.5 கிராம் திராட்சை நார்ப் பவுடர், 16 வாரம். பிரஷர் கொஞ்சம் இறங்குச்சு, கொலஸ்ட்ரால் அதிகமா இருந்தவங்களுக்கு கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல்லும் குறைஞ்சுச்சு. நம்பிக்கை தர்ற முடிவுதான், ஆனா கலந்துக்கிட்டவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். மாத்திரையோட சேர்த்து டாக்டர்கிட்ட சொல்லிட்டு எடுங்க, மாத்திரைக்குப் பதிலா எடுக்காதீங்க.

கேள்வி: ஸ்டேட்டின்னு கொலஸ்ட்ரால் மாத்திரை இருக்கே, அதோட திராட்சை சேரக் கூடாதுன்னு சொல்றாங்களே?

பதில்: அது கிரேப்ஃப்ரூட்ங்க, எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பம், பேர்தான் குழப்புது. சில ஸ்டேட்டினோட மோதுறது அந்தப் பழம்தான். ஆனா வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்குறவங்க திராட்சை விதை எக்ஸ்ட்ராக்ட் (விதைல இருந்து பிரிச்செடுத்த சத்து) எடுக்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா டாக்டரைக் கேளுங்க, ஆபரேஷன் இருந்தா அதையும் சொல்லுங்க.

கேள்வி: ரெஸ்வெரட்ரால்னு ஒரு பாலிஃபீனாலைப் பத்திப் பேசுறாங்களே, அது இதுல எவ்ளோ இருக்கும்?

பதில்: கொஞ்சூண்டு. ரெட் வைன்லயே ஒரு லிட்டருக்கு சில மில்லிகிராம்தான், ஆய்வுகள்ல தந்ததோ பல சமயம் நூத்துக்கணக்கான மில்லிகிராம். அந்தப் பேரைப் பெருசா அச்சடிச்சிருக்காங்கன்னு ஒரு டப்பாவை வாங்காதீங்க.

கேள்வி: திராட்சை விதை எண்ணெய் வாங்கினா இதே பலன் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பாலிஃபீனால் எண்ணெய்ல கரையாது, அதனால பிழிஞ்ச புண்ணாக்குலயே தங்கிடும். எண்ணெய்ல இருக்குறது பெரும்பாலும் லினோலிக் அமிலம்னு ஒரு வகைக் கொழுப்பு, சமையலுக்கு ஓகே.

கேள்வி: கேப்ஸ்யூல் வாங்கும்போது என்ன பார்க்கணும்? எனக்கு வேர்க்கடலை அலர்ஜி வேற இருக்கு.

பதில்: நல்லவேளை சொன்னீங்க. திராட்சை விதை எக்ஸ்ட்ராக்ட்னு சொல்லி வேர்க்கடலைத் தோல் எக்ஸ்ட்ராக்டைக் கலக்குற கலப்படம் நிஜமாவே பிடிபட்டிருக்கு. அது விலை மலிவு, சாதாரண டெஸ்ட்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால உங்களுக்கு நான் கேப்ஸ்யூல் வேண்டாம்னே சொல்வேன். மத்தவங்க வாங்குறதா இருந்தா, வெளி லேப்ல சோதிச்ச ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

கேள்வி: அப்ப வீட்லயே பண்ணிக்கலாமா அக்கா?

பதில்: பண்ணலாம்மா. பழத்தை நல்லா கழுவிட்டு ஜூஸ் எடு, பூச்சி மருந்து அடிச்சது தோல்லதான் நிக்கும். சக்கைய அன்னைக்கே மெல்லிசா பரப்பி குறைஞ்ச சூட்டுல நொறுங்குற அளவுக்குக் காய வச்சு அரைச்சுக்கோ, ஈரம் இருந்தா சீக்கிரம் பூஞ்சை பிடிச்சிடும், பூஞ்சை வாசம் துளி வந்தாலும் கொட்டிடு. அரை ஸ்பூன்ல ஆரம்பி, எடுத்த உடனே ரெண்டு ஸ்பூன் போட்டா வயிறு உப்பிக்கும், தண்ணி குறைவா குடிச்சா மலச்சிக்கல் கூட ஆகும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுக்குறவங்க ரெண்டையும் ஒரே நேரத்துல எடுக்காம சில மணி நேரம் இடைவெளி விடணும், டானின் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் வீட்ல நாய் இருந்தா சக்கையோ பவுடரோ அதுக்கு எட்டாத இடத்துல வை, திராட்சை நாயோட கிட்னியைக் கெடுத்துடும்.