பினாங்கில் பொழுதுபோக்குக்காகப் பாய்மரப் படகு ஓட்டுபவர்களைச் சேர்த்து ஜாலியான ஒரு சவால் பயணமும் சந்திப்பும் நடத்துவது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொன்ன நிலைமை இது: ஏழெட்டுப் படகுகள் இருக்கின்றன, வேகத்தில் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது, பாதிப் பேர் புதியவர்கள், போட்டி என்ற சொல்லைக் கேட்டாலே சிலர் நழுவிவிடுகிறார்கள். எங்கள் கதையும் அதேதான். நான் படகுக்குச் சொந்தக்காரன் இல்லை. நண்பரின் 27 அடிப் படகில் கயிறு இழுப்பவன், கூடவே சாப்பாட்டுக் கணக்கும் என் தலையில். நான்கு வருடமாக நடத்துகிறோம். நடந்த கூத்துகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வருடம் எல்லோரையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டு, யார் முதலில் வருகிறார் என்று பார்த்தோம். 38 அடிப் படகுக்காரர் போய்ச் சேர்ந்து, நங்கூரம் போட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்தபோதுதான் கடைசிப் படகு வந்தது. முதலில் வந்தவருக்கு அலுப்பு, கடைசியில் வந்தவருக்குக் கூச்சம், நடுவில் வந்தவர்களை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீ, அதாவது நூடுல்ஸ், ஆறிப்போய்ப் பசை மாதிரி ஆகிவிட்டது. வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் ரெகாட்டா என்ற பாய்மரப் படகுப் பந்தயம் இருக்கிறது. நவம்பரில் போர்ட் கிள்ளானில் கிளம்பி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் போகும். அது வேறு உலகம். நமக்கு வேண்டியது எல்லோரும் சூடாகச் சாப்பிடுவது.

அதனால் இரண்டாம் வருடம் வேகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நேரக் கணிப்புக்கு மாறினோம். காலையில் பசியாறும்போதே ஒவ்வொரு படகும், போய்ச் சேர எத்தனை மணி எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, மைலோ டின்னுக்குள் போட்டுவிட வேண்டும். டின்னைத் திறந்து பார்ப்பவர் ஒருவர் மட்டும்தான். இரண்டு மணி நேரம் என்று எழுதியவரை முதலில் அனுப்புவார், ஒரு மணி நேரம் என்றவரை ஒரு மணி நேரம் கழித்து அனுப்புவார். கணக்கு சரியாக இருந்தால் எல்லாப் படகும் பன்னிரண்டு மணிக்கு ஒன்றாக வந்து நிற்க வேண்டும். பன்னிரண்டுக்கு யார் மிக அருகில் வந்தாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் போட்டி.

ஆனால் படகில் கடிகாரம் கிடையாது. கைக்கடிகாரம், கைப்பேசி எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போய்விடும். அவசரத்துக்கு ஒரே ஒரு கைப்பேசி மட்டும் ஒட்டிய உறையில் படகிலேயே இருக்கும். உறை கிழிந்தால் பரிசு இல்லை, ஆனால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஜிபிஎஸ் கருவியை அணைக்கச் சொல்லாதீர்கள். நம் கடல் ஆழம் குறைந்தது, வரைபடம் கண்முன்னே இருந்தே ஆக வேண்டும். திரையில் வேகமும் நேரமும் காட்டும் மூலையில் மட்டும் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். எஞ்சின் போட்டால் எத்தனை நிமிடம் போட்டோம் என்று குத்துமதிப்பாகத் தாங்களே சொல்ல வேண்டும், அத்தனை நிமிடம் தண்டம். கடைசி ஒரு மைலில் பாயைத் தளர்த்திக்கொண்டு சும்மா மிதப்பதும் வட்டமடிப்பதும் கூடாது. விதி இவ்வளவு போதும். ஒரு பக்கத்துக்கு மேல் விதி எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், படித்த ஒருவர் மட்டும் சண்டைக்கு வருவார்.

கணிப்பு சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரே ஓடிக்கொண்டிருக்கிறதே. உங்கள் படகின் வேகம் மணிக்கு ஐந்து கடல் மைல், தண்ணீர் எதிரே இரண்டு மைல் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மைல் போக இரண்டு மணி நேரம் ஆகும். அதே தண்ணீர் கூட வந்தால் ஐம்பத்தோரு நிமிடம். அதே படகு, அதே காற்று. இங்கே ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும், மறுநாள் அதே நிலைக்கு வர சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் ஓட்டிப் பார்த்த கணக்கு இந்த வாரம் உதவாது. புதியவர்களுக்கு நீரோட்டத்தை இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வகுப்பில் கொட்டாவி விட்ட பையன்கள் டின்னில் சீட்டுப் போடுகிற காலையில் ஏற்ற இறக்க அட்டவணைக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

தேதி விஷயத்தில்தான் எனக்கும் என் அம்மாவுக்கும் தகராறு. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் நீரோட்டம் இழுக்கும், இறக்கத்தில் சேறு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றும். தேய்பிறையோ வளர்பிறையோ, அரை நிலாவுக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் கடல் சாதுவாக இருக்கும். அதாவது அஷ்டமி, நவமி, தசமி. நல்ல காரியத்தை யாராவது அஷ்டமி நவமியில் வைப்பார்களா என்று அம்மாவுக்குக் கோபம். முதல் வருடம் அவர் பேச்சைக் கேட்டுப் பௌர்ணமிக்கு மறுநாள் வைத்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கரையில் விட்ட ரப்பர் படகு தண்ணீரே இல்லாமல் சேற்றில் உட்கார்ந்திருந்தது. ஆறு பேர் முழங்கால் அளவு சேற்றில் அதைத் தள்ளினோம். என் ஒரு கால் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நவமி சனிக்கிழமையில் விழுகிறதா என்று பார்த்துத்தான் தேதி குறிக்கிறோம். அம்மாவுக்காக வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் மட்டும் ராகு காலத்தில் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

மாதம் என்றால் ஜனவரி, பிப்ரவரி. மழை குறைவு, வடகிழக்குக் காற்றும் கிடைக்கும். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அப்போதுதான் வரும், அந்த இரண்டு வாரத்தையும் விட்டுவிடுங்கள். தைப்பூசத்தன்று எங்கள் கூட்டத்தில் பாதி தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருக்கும். செப்டம்பர், அக்டோபர் வேண்டவே வேண்டாம். அந்த மாதங்களில்தான் இங்கே மழை அதிகம், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயற்காற்றும் உண்டு. ஒரு தடவை பாயைச் சுருட்டுவதற்குள் அது எங்களைப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் அந்த மாதங்களில் நான் கரையிலேயே தேநீர் குடிப்பவன்.

எங்கே போவது? எங்களுக்கு ஒத்துவந்தது பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் பத்து ஊபானிலிருந்து பூலாவ் அமான் என்ற குட்டித் தீவு. சுமார் ஏழு கடல் மைல், ஏறக்குறைய தென்கிழக்கு. வடகிழக்குக் காற்று அடித்தால் போகும்போதும் வரும்போதும் காற்று பக்கவாட்டில்தான். புதியவர்களுக்கு இதைவிடச் சுலபமான காற்று இல்லை, படகு தாறுமாறாகச் சாயாது. பினாங்குத் தீவை எதிர்க்கரையோடு இணைக்கும், 1985இல் திறந்த பழைய பாலம், 2014இல் திறந்த புதுப் பாலம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கடல் இது. ஜெரஜாக் தீவு ஓரமும் பூலாவ் அமான் பக்கமும் மீன் வளர்க்கும் கூண்டுகள் மிதக்கும், வலைகளும் கிடக்கும். முன்னால் ஒரு ஆளை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூலாவ் அமானில் மீ ஊடாங் என்ற இறால் நூடுல்ஸ் சாப்பாடு, சின்னக் கிராமம், 1891இல் நட்டதாகச் சொல்லும் ஒரு ஈரப்பலா மரம். படகில் ஏறப் பயப்படும் மாமியார், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாம் எதிர்க்கரையில் பத்து காவான் என்ற ஊரின் பத்து மூசாங் படித்துறைக்கு வண்டியில் வந்து, அங்கிருந்து வாடகைப் படகில் கொஞ்ச நேரத்தில் தீவுக்கு வந்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்தத் தீவைத் தேர்ந்தெடுப்பேன்.

தஞ்சோங் தோக்கோங்கிலிருந்து வடக்குக் கரை ஓரமாக முக்கா ஹெட் முனை வரை போவதும் அழகுதான். எட்டு மைல் வரும், முடிவில் குன்றின் மேல் 1883ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம். ஆனால் அது தேசியப் பூங்கா, இறங்குவதற்கு முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். குரங்குகள் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்கிய கரை அது, பழைய வரைபடத்தில் தண்ணீர் என்று இருக்கும் இடத்தில் இப்போது மண் இருக்கிறது. புது வரைபடம் இல்லாமல் போகாதீர்கள்.

இனி சிரிக்காமல் சொல்ல வேண்டிய விஷயம். மூன்றாம் வருடம் ஒரு படகு வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, பன்னிரண்டரை ஆயிற்று. வி.எச்.எஃப். ரேடியோவில் கூப்பிட்டால் பதில் இல்லை. இரண்டு படகுகள் வந்த வழியே திரும்பித் தேடப் போயின, சாப்பாடு அப்படியே இருந்தது, அந்தப் படகுக்காரரின் அக்கா எங்களோடுதான் கரையில் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது: மகனுக்கு வாந்தி, அதனால் பாதியிலேயே திரும்பி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மனிதர் நல்லவர்தான். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து கிளம்பும்போது ஒரு தலைக்கணக்கு, சேர்ந்ததும் ஒரு தலைக்கணக்கு. திரும்பிப் போகிறவர் உறையைக் கிழித்தாவது சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் போனால் அடுத்த வருடம் அழைப்பு இல்லை. எல்லோரும் ரேடியோவில் ஒரே சேனலில் இருக்க வேண்டும், அவசர அழைப்புக்கான சேனல் 16ஐயும் காதில் வைத்திருக்க வேண்டும். போட்டியில் சேராத எஞ்சின் படகு ஒன்று கடைசியாக வர வேண்டும். பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. கடல்துறைக்கும் மரின் போலீசுக்கும் தேதி, வழி, படகுப் பட்டியலைச் சில வாரங்களுக்கு முன்பே கொடுத்து, என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கப்பல் வழியில் பாய்மரப் படகுக்குத்தான் முதல் உரிமை என்று யாராவது வாதாடினால், சர்வதேச விதி 9ஐக் காட்டுங்கள்: குறுகிய வழியில் 20 மீட்டருக்குக் குறைந்த படகோ பாய்மரப் படகோ, அந்த வழியை விட்டு விலக முடியாத பெரிய கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

சரி, யார் ஜெயித்தது என்று சொல்லவில்லையே. நேரக் கணிப்பு வைத்த முதல் வருடம் ஜெயித்தவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எங்கள் எல்லோருக்கும் சார். அவர் படகுதான் கூட்டத்திலேயே மெதுவானது. இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் என்று எழுதினார், இரண்டு மணி நேரம் பதின்மூன்று நிமிடத்தில் வந்தார். 38 அடிப் படகுக்காரர் இருபத்தைந்து நிமிடம் முன்னாலேயே வந்து தோற்றார். கடிகாரம் இல்லாமல் எப்படி சார் என்று கேட்டோம். மீயை ஊதிக்கொண்டே, "தம்பி, வானத்தைப் பார்த்தேன்" என்றார். சூரியனை வைத்துச் சொல்கிறார் என்று நாங்கள் மெய்சிலிர்த்துப் போனோம். கடைசியில் பார்த்தால், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அன்றைக்கு எத்தனை மணிக்கு எந்த விமானம் இறங்குகிறது என்பதை முதல்நாள் இரவே மனப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கடலிலிருந்து விமானங்கள் நன்றாகத் தெரியும். ஏமாற்று வேலை என்று ஒரே கூச்சல். அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று விதி போட முடியுமா? மறு வருடம் எல்லோரும் விமானத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பார்த்து முதல் விமானமே தாமதம், மொத்தக் கூட்டத்தின் கணக்கும் கவிழ்ந்தது.

பரிசுக்குச் செலவு செய்யாதீர்கள். ஜெயித்தவருக்கு ஒரு மங்குக் குவளை, கணிப்பில் மிக மோசமாகத் தவறியவருக்குச் சிரட்டை அகப்பை. அகப்பைக்குத்தான் கைதட்டல் அதிகம். ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினோம், சாப்பாட்டுக்கும் வாடகைப் படகுக்கும் சரியாகப் போய்விட்டது. ஒரு வருடம் ஆசைப்பட்டு விளம்பரதாரர் ஒருவரைப் பிடித்தோம். பாயைவிடப் பெரிய பதாகை, நாற்பது நிமிடம் உரை, அந்த வருடமும் மீ ஆறிப்போயிற்று. அதோடு அந்த ஆசை விட்டது.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஏதாவது வைக்க வேண்டும், இல்லையென்றால் படகுக்காரர்கள் எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தோம். ஒரு பையன் கம்பத்தில் கயிற்றைச் சுற்றிச் சுற்றித் திணறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவன் பாட்டி, "இது பூக்கட்டுற முடிச்சு மாதிரிதானேடா" என்று கயிற்றை வாங்கி, இரண்டு விரலில் ஒரு சுழற்று சுழற்றிக் கம்பத்தில் மாட்டி இழுத்தார். அசையவில்லை. இருபது வருடமாகப் படகு ஓட்டும் என் நண்பர் இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கேட்டு, உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பாட்டி இப்போது நிரந்தர நடுவர்.

இன்னொன்று. புதியவர்களை அவரவர் நண்பர் படகிலேயே ஏறவிடாதீர்கள், சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் கிளம்பிய கூட்டமாகவே திரும்பி வருவார்கள். உங்கள் தேதி முடிவானால் இங்கே பதில் எழுதுங்கள். எங்கள் படகில் ஐந்து பேர் உட்காரலாம், இப்போதைக்கு மூன்று பேர்தான் இருக்கிறோம். படகு ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, இறால் உரிக்கத் தெரிந்தால் நல்லது.