சிறுதொழிலுக்கு ஜெனரல் லயபிலிட்டி காப்பீடு: கேள்வி பதில்

கடைக்குத் தீ, திருட்டு இரண்டுக்கும் பாலிசி இருக்கிறது சார். லயபிலிட்டி என்று தனியாக ஒன்று எதற்கு?

இப்போது இருப்பது உங்கள் பொருளுக்கான காப்பு. உங்கள் தொழிலால் வெளியாருக்கு அடிபட்டாலோ அவர்கள் சொத்து சேதமானாலோ அதிலிருந்து ஒன்றும் வராது. அதற்குத்தான் ஜெனரல் லயபிலிட்டி. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கை ஒடிந்த வாடிக்கையாளர், நீங்கள் ஏணியைச் சாய்த்ததில் உடைந்த பக்கத்துக் கடைக் கண்ணாடி எல்லாம் இதில் வரும். விளம்பரத்தில் போட்டியாளரை அவதூறு செய்ததாக வரும் வழக்கையும் பல பாலிசிகள் சேர்த்துக்கொள்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. வழக்கில் நீங்களே ஜெயித்தாலும் வக்கீலுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அந்தச் செலவைக் கம்பெனி ஏற்கிறதா என்பதை நஷ்ட ஈட்டுத் தொகைக்கு இணையாகப் பாருங்கள்.

பாலிசியில் "ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம், ஆண்டுக்கு 20 லட்சம்" என்று போட்டிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரே ஆண்டில் மூன்று சம்பவம், நஷ்ட ஈடு முறையே 8, 9, 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் முழுதாகக் கிடைக்கும். 17 லட்சம் போய்விட்டதால் மூன்றாவதற்கு மிச்சம் 3 லட்சம்தான். பாக்கி 4 லட்சம் உங்கள் கையிலிருந்து.

வழக்குச் செலவு இந்த லிமிட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்றும் கேளுங்கள். தீர்ப்பு 9 லட்சம், வக்கீல் செலவு 3 லட்சம் என்றால், வெளியே இருக்கும் பாலிசியில் இரண்டையும் கம்பெனி கட்டும். உள்ளே இருந்தால் மொத்தமே 10 லட்சம். 2 லட்சம் உங்கள் தலையில் விழும். இரண்டு கொட்டேஷனில் பிரீமியம் வித்தியாசப்பட்டால் முதலில் இந்த இடத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

வீடுகளுக்கு அலமாரி, ஷெல்ஃப் அடித்துக் கொடுக்கிறோம். நாங்கள் மாட்டிய ஷெல்ஃப் விழுந்தால் கிளெய்ம் கிடைக்குமா?

பாதி கிடைக்கும். அந்தப் பாதி எது என்று தெரியாமல்தான் நிறையப் பேர் சண்டைக்குப் போகிறார்கள்.

உள்ளே வெற்றிடமான சுவரில், அதற்குரிய ஆங்கர் போடாமல் சாதா ஸ்க்ரூவில் ஷெல்ஃபை மாட்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து பாரம் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு கீழே இருந்த டிவி மேல் விழுகிறது. பக்கத்தில் நின்றவருக்குத் தோளில் அடி. டிவிக்கும் சிகிச்சைக்கும் பாலிசி பேசும். ஷெல்ஃபைத் திரும்பச் செய்து மாட்டும் செலவுக்குப் பேசாது. சரியில்லாத வேலையைத் திருத்துவது தொழில் செய்பவரின் கணக்கு என்பதால், உங்கள் சொந்த வேலைக்கும் பொருளுக்கும் ஆகும் சேதத்தை விலக்குகளில் தனியாகவே எழுதியிருப்பார்கள்.

வேலை முடித்துக் கொடுத்த பிறகு நடந்த விபத்து இது என்பதையும் கவனியுங்கள். விற்ற பொருளுக்கும் முடித்த வேலைக்குமான காப்பு பாலிசியில் இருந்தால்தான் டிவி கிளெய்மே நிற்கும். சில மலிவு பாலிசிகள் உங்கள் இடத்துக்குள் நடப்பதை மட்டும் ஏற்கும்; உங்களைப் போல வெளியே போய் வேலை செய்பவர்களுக்கு அது பிரயோஜனமில்லை. நாளைக்குத் தொழிலை மூடினாலும், ஏற்கெனவே மாட்டிய ஷெல்ஃப்கள் சுவரில் இருக்கத்தான் செய்யும். மூடிய தொழிலுக்கென்று தொடர் காப்பு கிடைக்கிறதா என்று பாலிசியை நிறுத்தும் முன் விசாரியுங்கள்.

ரிப்பேருக்கு வாங்கி வைத்த வாடிக்கையாளரின் லேப்டாப் என் மேசையிலேயே கெட்டுப்போனால்?

பெரும்பாலும் வராது. உங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் பொருள் பொது விலக்கு. அதற்குத் தனிக் காப்போ, பாலிசியோடு சேர்க்கும் திருத்தக் குறிப்பான என்டார்ஸ்மென்டோ எடுக்க வேண்டும். சலவை, தையல், வண்டி சர்வீஸ் செய்பவர்களுக்கும் இதே பதில்தான்.

"ஆக்கரன்ஸ்", "கிளெய்ம்ஸ் மேட்" என்று ஏஜென்ட் இரண்டு சொல்கிறார். இரண்டாவது விலை குறைவு. எது எடுக்கலாம்?

2022 ஜூனில் ஒருவருக்கு அடிபட்டது, 2024-ல்தான் வழக்குப் போட்டார் என்று வையுங்கள். ஆக்கரன்ஸ் என்றால் அடிபட்ட நாளில் நடப்பில் இருந்த 2022 பாலிசி பதில் சொல்லும். இடையில் கம்பெனியை மாற்றியிருந்தாலும் பரவாயில்லை. கிளெய்ம்ஸ் மேட் என்றால் வழக்கு வந்த 2024-ல் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். அதோடு அந்தப் பாலிசியின் ரெட்ரோஆக்டிவ் தேதி, அதாவது எந்த நாளிலிருந்து நடந்த சம்பவங்களை ஏற்கும் என்று குறித்த தேதி, 2022 ஜூனுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

கம்பெனி மாற்றும்போது புது பாலிசியில் அன்றைய தேதியையே ரெட்ரோ தேதியாகப் போட்டுவிடுவார்கள். நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிரீமியம் கட்டிய பழைய வருடங்கள் அத்தனையும் காப்பில்லாமல் போகும். பழைய தேதியைத் தொடரச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் பழைய கம்பெனியிடம் நீட்டித்த அறிவிப்புக் காலத்துக்கு, அதாவது பாலிசி முடிந்த பிறகு வரும் கிளெய்மையும் தெரிவிக்க விடும் காலத்துக்கு, பணம் கட்டுங்கள். விலை கட்டுப்படியாகும் என்றால் ஆக்கரன்ஸே எடுங்கள் என்பது என் கருத்து.

பெரிய கம்பெனி ஒன்றில் துப்புரவு கான்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது. இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட்டும், "அடிஷனல் இன்ஷூர்டு" ஆக அவர்கள் பெயரும் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றா மேடம்?

இல்லைங்க. சர்டிஃபிகேட் என்பது பாலிசி இருக்கிறது என்று காட்டும் தாள் மட்டுமே. வைத்திருப்பவருக்கு அதனால் எந்தக் காப்பும் இல்லை. அடிஷனல் இன்ஷூர்டு என்றால் உங்கள் வேலையால் அவர்கள் மேல் வரும் வழக்குக்கும் உங்கள் பாலிசி பதில் சொல்லும். இதற்கு என்டார்ஸ்மென்ட் போட வேண்டும். ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு என்டார்ஸ்மென்ட் வாங்காமல் விட்டால், ஒப்பந்தத்தை மீறியதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அதைக் காப்பீடு ஏற்காது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் இன்சூரன்ஸ் பக்கத்தை ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் யாருக்காவது சப்-கான்ட்ராக்ட் கொடுத்தால் அவர்களிடமும் சர்டிஃபிகேட் வாங்கி வையுங்கள்.

என் ஆள் வேலையில் அடிபட்டால்? டெலிவரி வண்டி யார் மேலாவது மோதினால்?

இரண்டும் இதில் இல்லை. முதலாவதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பு, இரண்டாவதற்கு வாகன இன்சூரன்ஸ். தவறான ஆலோசனைக்கும் வாடிக்கையாளர் தகவல் திருட்டுக்கும்கூடத் தனித்தனி பாலிசிதான்.

நேற்று கடையில் நாற்காலி உடைந்து ஒரு அம்மாவுக்கு அடி. அவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் இருக்கலாமா?

இருக்காதீர்கள். இன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டு, மாதக்கணக்கில் கழித்துச் சொன்னால் தாமதத்தைக் காட்டியே மறுக்க இடமுண்டு. உடைந்த நாற்காலியைத் தூக்கிப் போடாமல் அப்படியே எடுத்து வையுங்கள். எந்தக் கால், எந்த இணைப்பு என்று தெரியும்படி போட்டோ எடுங்கள். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், உடனே காப்பி எடுங்கள். பார்த்தவர்களின் பெயரும் போன் நம்பரும் வேண்டும்.

அந்த அம்மாவை நேரில் போய்ப் பாருங்கள், நலம் விசாரியுங்கள், அது மனிதத்தன்மை. ஆனால் "எங்க தப்புதாம்மா, முழுச் செலவும் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லாதீர்கள். கம்பெனியின் சம்மதமில்லாமல் தவறை ஒப்புக்கொள்வதும் பணம் தர வாக்குக் கொடுப்பதும் நிபந்தனை மீறல்; அந்தத் தொகை உங்கள் சொந்தச் செலவாகிவிடும். முதலுதவிக்குத் தடையில்லை. தவறு யாருடையது என்று பார்க்காமலே சிறு மருத்துவச் செலவைக் கொடுக்கும் பிரிவும் சில பாலிசிகளில் உண்டு. அது உங்களுக்கு இருந்தால் அந்த அம்மாவின் பில்லை அந்த வழியிலேயே கட்டிவிடலாம்.

பிரீமியத்தைக் குறைக்க விற்றுமுதலைக் குறைத்துக் காட்டலாம் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். பிரீமியம் தொழிலின் வகை, விற்றுமுதல் அல்லது சம்பளத் தொகை இவற்றைப் பொறுத்தது. பல பாலிசிகளில் வருடக் கடைசியில் கணக்குத் தணிக்கை செய்து பாக்கியை வசூலிப்பார்கள். வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் கிளெய்மே போகும். முறையாகக் குறைக்க வேண்டுமென்றால் டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்கும் முதல் தொகை, அதைக் கொஞ்சம் கூட்டலாம். எந்த நாளிலும் கையிலிருந்து கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் கூட்டுங்கள்.