டிக்கியில் ஒரு முக்காலி

கேள்வி: எனக்கு வயது 42. வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், 71 வயதான அம்மா. பத்து வருடமாக ஒரு சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறோம். அதைக் கொடுத்துவிட்டு, வாலாஜாபேட்டையில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் நிற்கும் ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்.யு.வி.யை வாங்க நினைக்கிறேன். 2020 டிசம்பரில் பதிவானது, ஒரே உரிமையாளர், 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஒன்பதே முக்கால் லட்சம் சொல்கிறார்கள். என் சகலையிடமும் இதே மாடல்தான். மே மாதம் அதில்தான் எல்லோரும் ஏலகிரி போய்வந்தோம். அம்மா மட்டும் மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது என்று வரவில்லை. பிள்ளைகளின் பள்ளி, மாதம் இரண்டு முறை அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, ஒரு முறை அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர் என்று மாதம் 500 கிலோமீட்டர் வரும். வார நாட்களில் மனைவிதான் ஓட்டுகிறாள். வண்டி சற்று உயரம். அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் டிக்கியில் ஒரு முக்காலி வைத்துக்கொள்ளலாம், அது ஒரு பிரச்சினை இல்லை. மனைவி மட்டும் வேண்டாம் என்கிறாள். நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டேன். வாங்கலாமா? பழைய டீசல் வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

தம்பி, இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அலாய் சக்கரங்களுக்கு மட்டும் நான்கு வரி. சகலையின் வண்டி மலை ஏறிய அழகுக்கு ஒரு பத்தி. அம்மாவின் முழங்காலுக்கு ஒரே ஒரு வாக்கியம். அதையும் முக்காலியோடு சேர்த்து டிக்கியில் போட்டு மூடிவிட்டீர்கள்.

முக்காலியைத் திரும்ப வெளியே எடுங்கள். அதைப் பற்றிப் பேசாமல் என்ஜினைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துப்பாருங்கள். நீங்கள் கம்பெனி பஸ்ஸில் ராணிப்பேட்டையை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மனைவி ஐடா ஸ்கடர் சாலையில், சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்துகிறாள். 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் அது. இன்று அந்த வாசலில் இரண்டு நிமிடம் நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் பஸ், இரண்டுமே ஒலி எழுப்புகின்றன. உங்கள் மனைவி இறங்கி, பின்பக்கம் ஓடி, டிக்கியைத் திறந்து, முக்காலியை எடுத்து, மேடு பள்ளமில்லாத ஓரிடம் தேடிப் போட வேண்டும். ஒரு கை முக்காலியில், ஒரு கை மாமியாரின் தோளில். தோள்பையும் மருத்துவக் கோப்பும் எந்தக் கையில்? அம்மா கதவுக்கு மேலே உள்ள பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத முக்காலியைக் காலால் துழாவிக்கொண்டே இறங்குகிறார். சாலையில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். இது போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, மாதத்தில் இரண்டு நாள். மழை நாளும் அதில் அடக்கம்.

இதைத்தான் ‘ஒரு பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இல்லை என்பது உண்மை. அந்த முக்காலியை நீங்கள் ஒரு நாளும் தூக்கப்போவதில்லையே!

மூட்டு தேய்ந்தவர்கள் சிறிய காரில் எப்படி ஏறுகிறார்கள் என்று என்றாவது பார்த்திருக்கிறீர்களா? இருக்கை தாழ்வாக இருப்பதால் திரும்பி நின்று முதலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுத்து வைக்கிறார்கள். முழங்காலுக்கு வேலை குறைவு. உயரமான வண்டியில் அது முடியாது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்து, மடங்கிய அந்த முழங்காலின் மேல் உடம்பின் முழு எடையையும் ஏற்றி எழ வேண்டும். எது வலிக்கிறது என்று மாதம் இரண்டு முறை மருத்துவரிடம் போகிறாரோ, அதையே ஒவ்வொரு முறையும் செய்யச் சொல்கிறீர்கள். இறங்குவது ஏறுவதைவிட மோசம்.

இனி ஏலகிரிக்கு வருகிறேன். உங்கள் அம்மாவுக்கு மலைக்காற்று எப்போதிலிருந்து ஒத்துக்கொள்ளவில்லை? அணைக்கட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர். சகலையின் வண்டி உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அதன் படியை அவர் ஒரு முறை பார்த்திருப்பார். அங்கேயே முடிவெடுத்திருப்பார். ‘என்னால் ஏற முடியாது’ என்று எந்தத் தாயும் மகனுக்குச் சொல்வதில்லை; காற்று, வெயில், வயிற்றுக்கோளாறு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனமில்லை என்று எதையாவது சொல்வார்கள்.

இது எனக்குத் தெரிந்த விதம் கௌரவமானது அல்ல. 1994-ல் ஆரணியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய டீசல் ஜீப் வந்தது. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் ஏறுவதற்கு வீட்டிலிருந்த மரமணை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டோம். என்னவொரு யோசனை என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். செய்யாறில் ஒரு கல்யாண மண்டப வாசலில், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, மணை சறுக்கியது. அடி ஒன்றும் இல்லை. புடவையைச் சரி செய்துகொண்டு சிரித்தபடி உள்ளே போனார். அதன் பிறகு எங்கே கூப்பிட்டாலும், ‘நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.’ ஐந்து வருடம் இந்த ஒரே பதில். வயதாகிவிட்டது, வெளியே போகும் ஆசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்தோம். ஒரு நாள் போளூரில் அவருடைய அக்கா படுத்த படுக்கை என்று தகவல் வந்தது. நாங்கள் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அவர் பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டார். ஏன் அத்தை என்று பிறகு கேட்டேன். ‘பஸ்ஸில் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறதே’ என்றார். மருமகளாக அந்த வீட்டில் அவரோடு ஒரே அடுப்பங்கரையில் இருந்தவள் நான். எனக்கே ஐந்து வருடம் தெரியவில்லை.

ஆகவே, நான்கு முறை வாலாஜாபேட்டைக்குப் போனவரிடம் கேட்கிறேன்: ஒரு முறையாவது அம்மாவை அழைத்துப்போனீர்களா? வாரம் முழுக்க ஓட்டப்போகிற மனைவியை? ‘மனைவி மட்டும் வேண்டாம் என்கிறாள்’ என்று எழுதினீர்களே தவிர, ஏன் என்று ஒரு சொல் இல்லை. கேட்கவில்லை என்றே தோன்றுகிறது. குடும்பக் கார் என்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் வண்டியைப் பார்த்தது நீங்களும் சகலையும் மட்டும்தான்.

சரி, கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். என் தம்பி முப்பது வருடமாக டீசல் பட்டறை வைத்திருப்பவன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவனிடம் கேட்டது.

டீசல் என்றால் மிச்சம் என்பது பழைய கணக்கு. லிட்டர் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் உங்கள் சிறிய கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 500 கிலோமீட்டருக்குச் சுமார் 3,150 ரூபாய். கனமான அந்த டீசல் வண்டி 12 கொடுத்தால் 3,870 ரூபாய். எரிபொருளிலேயே கூடுதல் செலவு. இன்சூரன்ஸ், டயர், கிளட்ச் எல்லாம் அதற்கு மேல். மாதம் 2,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் டீசல் வாங்கட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகள். டீசலாக இருந்தால் புகைபோகும் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கும். புகையிலுள்ள கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அவ்வப்போது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அந்தக் கரி எரிந்து சாம்பலாக வேண்டும். அதற்கு வண்டி தொடர்ந்து இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், ஆஸ்பத்திரிக்கு ஐந்து கிலோமீட்டர், நடுவில் கிரீன் சர்க்கிள் நெரிசல் என்று ஓடினால் என்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவீர்கள். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், டீசல் கசிந்து என்ஜின் ஆயிலோடு கலக்கும். கடைசியில் வடிகட்டியை மாற்றச் சொல்வார்கள். அந்தத் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். அந்த விளக்கை அணைப்பதற்காகவே ஞாயிறுதோறும் பள்ளிகொண்டா வரை காற்று வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்த வேலை வேண்டுமா? வடிகட்டியை உடைத்து எடுத்துவிடலாம் என்று எவராவது சொன்னால் அவரிடம் வண்டியை விடாதீர்கள்; அது சட்டப்படி குற்றம், ஊருக்கும் கேடு.

41,000 கிலோமீட்டர் என்பதை நம்பாதீர்கள். மீட்டரைத் திருப்பி வைப்பது அரைமணி நேர வேலை. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பதிவெண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2320 என்றால் 2020-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். நான்கு டயரும் புத்தம் புதிதாக இருந்தால், ஐந்து வருடத்தில் வெறும் 41,000 ஓடிய வண்டிக்கு ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள்; பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ என்ஜினை எழுப்பிவைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜின் நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது, அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசி வரிசையில் பக்கவாட்டு இருக்கையா, அதில் பெல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். நெடுஞ்சாலையில் பிள்ளைகளைப் பெல்ட் இல்லாமல் உட்கார வைப்பதற்கு ஏழு இருக்கை தேவையில்லை.

பழைய காரைக் கடையிலேயே கொடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே நிற்பீர்களா, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்களா? 29, 30-ஆம் படிவங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ச் சேர்ந்து ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும் வரை அது உங்கள் கார்தான். கை மாறிக் கை மாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் அந்தக் காரை ஏன் கொடுக்க வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை. உங்கள் அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கும் வண்டி அது ஒன்றுதான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை என்றால் தாழ்வான தளம் கொண்ட ஏழு இருக்கைப் பெட்ரோல் வண்டிகள் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. சகலை ஒன்றும் சொல்லமாட்டார். சொன்னால் சொல்லட்டுமே!

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், வரும் ஞாயிறு காலை அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வாலாஜாபேட்டை போங்கள். முக்காலி வேண்டாம். அம்மாவை இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம், ‘பரவாயில்லைப்பா’ என்றுதான் சொல்லியிருப்பார். இறங்கும்போது கையால் எதைப் பிடித்தார் என்று மட்டும் எழுதுங்கள்.