மதிமுகம் உவமை, முகமதி உருவகம்: ஏன்?

தங்கச்சி, 'மதிமுகம்' உவமை என்றும் 'முகமதி' உருவகம் என்றும் சேர் சொன்னது ஏன், இரண்டிலும் அதே இரண்டு சொல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தரத்துக்குப் படிக்கிற பலரும் இடறுகிற இடம் இது.

சொல்லின் வரிசையைப் பாருங்கள். நம்மூர் வாவியையே எடுப்போம். 'கண்ணாடி வாவி' என்றால் கண்ணாடி போன்ற வாவி. உவமை முன்னே நிற்கிறது, 'போன்ற' என்ற உருபு மறைந்திருக்கிறது, அதனால் உவமைத்தொகை. 'வாவிக் கண்ணாடி' என்றால் வாவியாகிய கண்ணாடி. இங்கே ஒப்புமை சொல்லவில்லை, வாவியே கண்ணாடி என்று ஒன்றாக்கிவிட்டோம், அதனால் உருவகம். சந்தேகம் வந்தால் நடுவில் 'போன்ற', 'ஆகிய' இரண்டையும் போட்டுப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுதான் விடை. மலரடி, அடிமலர் இரண்டையும் இப்போதே பிரித்துப் பாருங்கள்.

அப்புறம் ஏகதேச உருவகம். 'அறிவு விளக்கால் அறியாமையைப் போக்கினான்' என்பதில் அறிவு விளக்கானது, அறியாமை இருளாகவில்லை. தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகித்தால் அந்தப் பெயர்.

தொல்காப்பியத்தில் உருவகத்துக்குத் தனி இயல் தேடாதீர்கள், உவமவியலுக்குள்ளேயே அடங்கும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம்தான் அதைத் தனி அணியாக வைக்கிறது. பரீட்சையில் அணியின் பெயரோடு நிறுத்தாமல், அது பாட்டுக்கு என்ன சேர்க்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.